காரணம் தெரியாத நெஞ்சு நோவும் படபடப்பும்: கொழும்பில் அடுத்து எந்தக் கதவைத் தட்டுவது?

ஈ.சி.ஜி. சரி. எக்கோ சரி. குருதிப் பரிசோதனையும் சரி. ஆனால் இரவில் இடப்பக்கம் சரிந்து படுத்தால் நெஞ்சு தடக்கென்று ஒருமுறை குதித்து, ஒரு கணம் நின்று, மறுபடி ஓடுகிறது. பகலில் கணினி முன்னால் இருக்கும்போது மார்பெலும்பின் ஓரத்தில் ஊசி குத்துகிறது. "இருதயத்தில் ஒன்றுமில்லை" என்று எழுதித் தந்த தாளை வைத்துக்கொண்டு அதே நோவோடு வீடு திரும்புகிறவர்கள் கொழும்பில் ஏராளம். நானும் அவர்களில் ஒருவன். இன்னொரு பரிசோதனை செய்வதா, இன்னொரு வைத்தியரைப் பார்ப்பதா, குளிசை போடுவதா, உளவள ஆலோசனைக்குப் போவதா, பேசாமல் விட்டுவிடுவதா என்று அடுத்த நாளே குழப்பம் தொடங்கிவிடும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆபத்தான காரணங்களை ஒருமுறை ஒழுங்காக விலக்கியாகிவிட்டால், அதன் பிறகு இரண்டு காரியங்களுக்கே காசையும் நேரத்தையும் செலவிட வேண்டும்: படபடப்பை அது வரும் நேரத்திலேயே ஓர் ஈ.சி.ஜி. தாளில் பிடிப்பது, பிடித்ததையும் மற்ற எல்லாவற்றையும் ஒரே வைத்தியரின் கண்ணுக்கு முன்னால் வைத்திருப்பது. மற்றத் தெரிவுகளை இந்த இரண்டோடும் ஒட்டித்தான் மதிப்பிடுகிறேன்.

இந்த ஒப்பீடு எல்லோருக்கும் பொருந்தாது. நெஞ்சை அமுக்கிப் பிடிக்கும் நோ கால் மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறது, கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, மூச்சு முட்டுகிறது, மயக்கம் வருகிறது என்றால் ஒப்பிட்டுப் பார்க்க நேரமில்லை. 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். 2016 இல் இந்திய அரசின் நன்கொடையோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் சேவை அது, கட்டணம் இல்லை. பின்னேர நெரிசலில் காலி வீதியில் ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டு நிற்பதைவிட அது எவ்வளவோ மேல். நம் வீடுகளில் நெஞ்சு நோ என்றவுடன் "இது வாயுதான் தம்பி, உள்ளி போட்டு ரசம் வைத்துத் தருகிறேன், குடியும்" என்று ஒரு மாமி சொல்லாமல் விடமாட்டார். அன்பில் குறையில்லை. ஆனால் இலங்கை உட்பட ஐந்து தெற்காசிய நாடுகளைச் சேர்த்துப் பார்த்து 2007 இல் வெளியான ஆய்வில், முதல் மாரடைப்பு வருகிறவர்களின் சராசரி வயது இந்த ஐந்து நாடுகளில் 53. மற்ற நாடுகளில் அது ஏறத்தாழ 59. நாற்பதுகளில் இருக்கிறவருக்கு ரசம் வைப்பதற்கு முன்னால் ஓர் ஈ.சி.ஜி. எடுப்பதில் நட்டமில்லை. நோ தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் எடுத்த ஒற்றைத் துரோபோனின் பரிசோதனை சரியாக இருந்தால் அதுவே முடிவாகிவிடாது. இருதயத் தசை பழுதாகும்போது வெளிவரும் அந்தப் புரதம் குருதியில் ஏறச் சில மணி நேரம் எடுக்கும். அதனால்தான் சிறிது நேரம் கழித்து மறுபடி எடுக்கிறார்கள். "இன்னும் மூன்று மணித்தியாலம் இருங்கள்" என்று தாதி சொன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வராதீர்கள்.

அரசாங்க வைத்தியசாலையா, சனலிங்கா

கொழும்பில் இது வெறும் காசுக் கணக்கு அல்ல. காலையில் தேசிய வைத்தியசாலையிலோ களுபோவிலயிலோ கிளினிக் பார்க்கும் அதே நிபுணரை மாலையில் தனியார் வைத்தியசாலை ஒன்றில் சனல் செய்து, அதாவது காசு கட்டி இலக்கம் எடுத்து, பார்க்கலாம். மூளை ஒன்று, கிடைக்கும் நேரமும் சூழலும்தான் வேறு.

அரசாங்கப் பக்கத்தின் பெரிய பலம், நோ வந்த நேரத்தில் அங்கே ஓடினால் ஈ.சி.ஜி., துரோபோனின், கண்காணிப்புக் கட்டில் எல்லாம் ஒரே கூரையின் கீழ், செலவில்லாமல் கிடைப்பது. இரவு இரண்டு மணிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. பலவீனம், ஆபத்து விலகியதும் நீங்கள் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவது. அது நியாயமும்கூட, உண்மையான மாரடைப்போடு ஒருவர் பக்கத்துக் கட்டிலில் கிடக்கும்போது ஊசி குத்தும் நோவுக்கு யார் நேரம் ஒதுக்குவார்கள்? எக்கோவுக்கும், நாள் முழுக்கத் துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவிக்கும் திகதி தள்ளிப் போகும். 2022 நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்கள் பலர் நாட்டை விட்டுப் போனதும் இந்த வரிசையில் தெரிகிறது.

சனலிங்கில் எக்கோவை அன்றைக்கே எடுத்துவிடலாம். ஆனால் இலக்கம் 34 என்று சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரவு ஒன்பது மணிவரை காத்திருந்து உள்ளே போனால், ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவோம். காரணம் தெரியாத நோவை ஐந்து நிமிடத்தில் விளங்கப்படுத்த முடியாது. இன்னொரு தொல்லை, திருப்தி இல்லாவிட்டால் அடுத்த கிழமை வேறு பெயரைச் சனல் செய்வது மிக இலகு. ஒவ்வொரு புதியவரும் ஈ.சி.ஜி.யிலிருந்து தொடங்குவார், பழைய தாள்களைப் புரட்ட அவருக்கு நேரம் இருக்காது. மூன்றாவது நிபுணரிடம் போகும்போது, மூன்று எக்கோ கையில் இருக்கும், ஒரு விடை இருக்காது.

எனக்கு ஒத்துவந்தது இரண்டுக்கும் நடுவில் உள்ள வழி. அவசரத்துக்கு அரசாங்க வைத்தியசாலை. ஒரு தடவை, ஒரே தடவை, இருதயநோய் நிபுணரைச் சனலிங்கில் பார்ப்பது. அதன் பிறகு வீதியோரத்தில் டிஸ்பென்சரி வைத்திருக்கும் குடும்ப வைத்தியரிடமே கோப்பை ஒப்படைப்பது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழில் பேசி விளங்கப்படுத்தக்கூடிய குடும்ப வைத்தியர்கள் இருக்கிறார்கள். நோவை இரவல் மொழியில் சொல்லும்போது விடுபட்டுப் போகும் விவரங்கள் அங்கே விடுபடுவதில்லை. நிபுணர் பார்த்ததை அவர் படிப்பார். அடுத்த முறை பிரசர் பார்க்கப் போகும்போதும் அது அவர் நினைவில் இருக்கும். கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், ஈ.சி.ஜி. தாள்கள் எல்லாம் திகதி வரிசையில் ஒரு பைலில் இருக்கட்டும். ஈ.சி.ஜி. தாள் சூட்டில் அச்சாவது. கொழும்பு வெக்கையில் சில வருடங்களில் வெளுத்துவிடும். எடுத்த அன்றே கைபேசியில் படம் பிடித்து வையுங்கள்.

படபடப்பைக் கையும் களவுமாகப் பிடிப்பது

இந்த முழு விவகாரத்திலும் உண்மையில் ஆராய வேண்டிய பகுதி இதுதான். படபடப்பு இல்லாத நேரத்தில் எடுத்த ஈ.சி.ஜி. சரியாக இருப்பதில் வியப்பு ஒன்றுமில்லை. வந்திருக்கும் நேரத்தில் எடுத்த பத்து செக்கன் தாள், வராத நேரத்தில் எடுத்த ஒரு கட்டுத் தாளைவிடப் பெறுமதியானது.

முதல் தெரிவு ஹோல்டர். இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி, நெஞ்சில் ஒட்டிய வில்லைகள், வயர்கள், 24 மணி நேரம். சொல்லும்போது எளிது. 101 ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டு பம்பலப்பிட்டி தாண்டும்போது, வியர்வையில் ஒரு வில்லை மெல்லக் கழன்று சட்டைக்குள் தொங்கும். மேலே பிளாஸ்டர் ஒட்டிச் சமாளிக்க வேண்டும். குளிக்க முடியாது. கூடவே ஒரு தாள் தருவார்கள். படபடப்பு வந்த நேரத்தையும் அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் அதில் எழுத வேண்டும். பலர் அதை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள். பெட்டியைவிட அந்தத் தாள்தான் முக்கியம் என்பேன். "மாலை 4.10, படி ஏறினேன், இரண்டு குதிப்பு" என்று எழுதியிருந்தால்தான், 4.10க்குப் பதிவில் என்ன இருக்கிறது என்று வைத்தியர் பார்க்க முடியும். அந்த நேரத்தில் துடிப்பு ஒழுங்காக இருந்திருந்தால் அதுவும் ஒரு விடை.

படபடப்பு தினமும் வருகிறவர்களுக்கே ஹோல்டர் பொருத்தம். கிழமைக்கு ஒருமுறை வருகிறதென்றால் 24 மணி நேரத்தில் அது அகப்படாமல் போகவே வாய்ப்பு அதிகம். "ஹோல்டர் சரி" என்ற ரிப்போர்ட் அப்போது எதையும் சொல்வதில்லை. அவர்கள் கூடுதல் நாள் பதியும் கருவி கிடைக்குமா என்று கேட்க வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து மயக்கமும் போடுகிறதென்றால், தோலுக்கு அடியில் வைத்து வருடக்கணக்கில் பதியும் கருவிகூட இருக்கிறது. அது மயங்கி விழுகிறவர்களுக்கு, குதிப்புக்கு அல்ல.

இரண்டாவது தெரிவு கைக்கடிகாரம். ஈ.சி.ஜி. எடுக்கக்கூடியதா, நாடித்துடிப்பை எண்ணுவது மட்டும்தானா என்று கடையில் தெளிவாகக் கேளுங்கள், இரண்டும் ஒன்றல்ல. ஈ.சி.ஜி. வகை, விரலை வைத்து அரை நிமிடம் பிடித்தால் ஒற்றைக் கோட்டுப் பதிவு ஒன்றைத் தரும். படபடப்பு வரும் கணத்திலேயே எடுக்க முடிவது அதன் பலம். அது மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. நோ வந்த நேரத்தில் கடிகாரம் சரி என்று சொன்னதால் வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. ஆனால் கடிகாரம் எல்லோருக்கும் நல்லதில்லை. ஒரு மணி நேரத்தில் இருபது தடவை மணிக்கட்டைப் பார்க்கிற இயல்பு உங்களுக்கு இருந்தால், இருக்கிற பதற்றம் இரட்டிப்பாகும். அப்படிப்பட்டவர்கள் அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம்.

மூன்றாவது, கருவி எதுவும் வாங்கவோ மாட்டவோ வேண்டாத தெரிவு: படபடப்பு தொடங்கியதும் மிக அருகில் ஈ.சி.ஜி. இருக்கும் இடத்துக்குப் போய்விடுவது. பத்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் படபடப்புக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. பிரதான வைத்தியசாலைதான் என்றில்லை. அருகில் எந்தச் சிறிய தனியார் இடத்தில் இரவிலும் ஈ.சி.ஜி. எடுப்பார்கள் என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? சுவிட்ச் போட்டதுபோல் திடீரென்று தொடங்கி, நிமிடத்துக்கு 150க்கு மேல் ஓடி, திடீரென்று நிற்கும் ஒரு வகை இருக்கிறது. இருதயத்தின் மேலறைப் பக்கத்தில் மின்சாரம் ஒரு குறுக்கு வழியில் சுற்றுவதால் வருவது. மயக்கம், நடுக்கம், சாகப் போகிறோம் என்ற பயம் எல்லாம் கூடவே வருவதால், இதைப் பீதி நோய் என்று எழுதிவிடுவது உலகம் முழுக்க நடக்கிறது. பெண்களுக்கு இன்னும் அதிகமாக. ஒரே ஒரு தாளில் பிடிபட்டால் கதை மாறிவிடும். குழாய் வழியாகப் போய் அந்தக் குறுக்கு வழியைச் சுட்டுவிடும் சிகிச்சை பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பலன் தருகிறது. வந்த நேரத்தில் நிறுத்தவும் ஒரு வழி உண்டு: பதினைந்து செக்கன் வெற்றுச் சிரிஞ்சுக்குள் முக்கி ஊதிவிட்டு, உடனே மல்லாந்து படுத்துக் கால்களை இன்னொருவர் தூக்கிப் பிடிப்பது. 2015 இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், இப்படிச் செய்தவர்களில் 43 சதவீதமானோருக்குத் துடிப்பு வழமைக்குத் திரும்பியது. பழைய முறையில் வெறுமனே முக்கியவர்களில் 17 சதவீதம். வைத்தியர் ஒருமுறை காட்டித் தந்த பிறகு செய்யுங்கள்.

மறுபக்கம், தாளில் பிடிபடுவது பெரும்பாலும் முந்திக்கொண்டு வரும் ஒற்றைத் துடிப்புகள்தான். ஏறத்தாழ எல்லோருக்கும் இருப்பவை. இருதயக் கட்டமைப்பு எக்கோவில் சரியாக இருந்து, அவை அளவுக்கு மீறாமலும் இருந்தால், அவற்றோடு முதுமைவரை வாழலாம். இடப்பக்கம் படுத்தால் இருதயம் நெஞ்சுச் சுவரை நெருங்குவதால் கூடுதலாகத் தெரிகிறது, அவ்வளவுதான். இதைப் படத்தோடு பார்த்த பிறகு வருகிற நிம்மதி, "பயப்படாதீர்கள்" என்று நூறு பேர் சொல்லியும் வருவதில்லை.

குருதிக் குழாயைப் படம் பிடிக்க வேண்டுமா

நோ, நடக்கும்போதோ படி ஏறும்போதோ வந்து நின்றதும் அடங்குகிறதா? ஆம் என்றால் கட்டாயம் பார்க்க வேண்டும். இல்லை, இருந்த இடத்தில் ஊசியாகக் குத்தி ஒரு சில செக்கன்களில் போகிறது, விரலால் தொட்டுக் காட்ட முடிகிறது என்றால், குருதிக் குழாய் அடைப்பாக இருக்கும் வாய்ப்பு குறைவு. வயது, நீரிழிவு, கொலஸ்ட்ரோல், புகைத்தல், அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இளவயதில் மாரடைப்பு ஆகியவற்றைச் சேர்த்துத்தான் வைத்தியர் முடிவு செய்வார்.

அடைப்பைப் பார்க்கும் மூன்று வழிகளில் ஓட்டப் பட்டிப் (ட்ரெட்மில்) பரிசோதனை இங்கே எளிதில் கிடைப்பது. பொய்யான எச்சரிக்கை தருவதும் அதுதான், பெண்களுக்குக் குறிப்பாக. பிரித்தானிய வழிகாட்டி, ஏற்கெனவே இருதயநோய் இல்லாதவர்களுக்கு நோயைக் கண்டுபிடிக்க இதை 2010 இலேயே கைவிட்டு, 2016 முதல் சீ.டி. ஸ்கானை முன்னுக்கு வைத்தது. சீ.டி. குழாயை நேரடியாகக் காட்டுகிறது. சாய மருந்து ஏற்றுவதால் சிறுநீரகப் பரிசோதனை முதலில் தேவை, துடிப்பு வேகமாக இருந்தால் படம் கலங்கும் என்பதால் அதைக் குறைக்கக் குளிசை தருவார்கள். மணிக்கட்டு வழியாகச் செய்யும் அஞ்சியோகிராம் துல்லியமானது, ஆனால் உடலுக்குள் கருவி போகிற காரியம். நிம்மதிக்காக மட்டும் அதைக் கேட்டு வாங்காதீர்கள். அது சுத்தமாக இருந்தும் நடந்தால் நோகிறது என்றால், படத்தில் தெரியாத நுண் குழாய்களில் குறை இருக்கலாம். அந்த நோயாளிகளைப் "பிரமை" என்று அனுப்பிவிடுவது அநியாயம்.

இருதயம் இல்லையென்றால்

ஒரு நல்ல வைத்தியர் இரண்டு விரலால் மார்பெலும்பின் ஓரம் ஒவ்வொரு விலா மூட்டாக அமுக்கிக்கொண்டே வருவார். மூன்றாவது, நான்காவது விலா வந்ததும், "ஆ, அதே நோ!" என்று வாயைத் திறந்துவிடுவீர்கள். எந்த இயந்திரமும் இல்லாத பரிசோதனை. விலா மூட்டு அழற்சி கூன் போட்டுக் கணினி பார்ப்பவர்களுக்கும், பாரம் தூக்குபவர்களுக்கும், நீண்ட இருமலுக்குப் பிறகும் வரும். சில கிழமையில் தணியும், மறுபடி வரும், ஆளைக் கொல்லாது.

சாப்பிட்டுப் படுத்த பிறகு எரிவும் புளிப்புமாக வருகிறதென்றால், இரவு பத்து மணிக்குக் கொத்து ரொட்டி சாப்பிட்டுவிட்டுப் பத்தரைக்குப் படுப்பதை நிறுத்திப் பார்க்கலாம். ஓமெப்ரசோல் வகைக் குளிசையை வைத்தியர் சொல்லும் அளவில் சில கிழமை போட்டுப் பார்ப்பதும் நியாயமான தெரிவு. பலன் இல்லாவிட்டால் நிறுத்துங்கள். வருடக்கணக்கில் போட்டால் சிலருக்கு மக்னீசியம் குறைந்து, துடிப்பே குழம்பலாம். பாமசியில் "கேஸுக்கு" என்று கேட்டு டொம்பெரிடோன் வாங்கிப் போடும் பழக்கத்தைப் படபடப்பு உள்ளவர்கள் கைவிட வேண்டும்; அது துடிப்பைப் பாதிக்கக்கூடியது என்பதால் 2014 இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் பயன்பாட்டை இறுக்கியது. மூச்சிழுப்புக்குப் பாவிக்கும் சல்பியூட்டமோல், மூக்கடைப்புக் குளிசை, இரும்புச்சத்துக் குறைவு, தைரொயிட் ஆகியவற்றையும் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிட வேண்டும். இவற்றுக்கான பரிசோதனைகள் எக்கோவைவிட மலிவு, விடை கிடைக்கும் வாய்ப்பும் குறைவில்லை.

ஆயுர்வேதம் பற்றி ஒரு வரி. பொரளையில் அரசாங்க ஆயுர்வேத வைத்தியசாலையே இருக்கிறது, போகிறவர்கள் போகட்டும். ஆனால் அதிமதுரம் கூடின கஷாயத்தை மாதக்கணக்கில் குடித்தால் பொட்டாசியம் இறங்கிப் பிரசர் ஏறும்; படபடப்புக்காரருக்கு இது வேண்டாத வம்பு. என்ன குடிக்கிறீர்கள் என்பதை இரண்டு பக்க வைத்தியருக்கும் சொல்லிவிடுங்கள்.

உளவள ஆலோசனை என்றதும் பலர் முகம் சுளிக்கிறார்கள். மனநல வைத்தியசாலை இருக்கும் அங்கொடை என்ற ஊர்ப் பெயரையே ஏசும் சொல்லாக்கிவிட்ட நகரம் இது. படபடப்பும் நெஞ்சு நோவும் காரணமின்றி வருவது இந்தக் காலத்து மென்மையானவர்களின் வியாதி என்று நினைப்பவர்களுக்கு: அமெரிக்க உள்நாட்டுப் போரின் படைவீரர்களிடம் இதையே கண்டு, ஜேக்கப் டா கொஸ்ரா என்ற வைத்தியர் 1871 இல் விரிவாக எழுதியிருக்கிறார். இருதயம் சாராத நெஞ்சு நோவுக்கு எண்ணம்–நடத்தை சார்ந்த உளச் சிகிச்சை ஓரளவு பலன் தருகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்த கொக்ரேன் மீளாய்வு சொல்கிறது. பலன் முதல் மூன்று மாதங்களில்தான் தெளிவாகத் தெரிந்தது என்றும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே அதை அற்புதமாக எண்ண வேண்டாம், பைத்தியத்துக்கான மருந்தாகவும் எண்ண வேண்டாம். துடிப்பைத் தணிக்கும் ப்ரோப்ரனலோல் குளிசை விரைவாக வேலை செய்யும், மலிவு, ஆஸ்துமா உள்ளவர் தொடக் கூடாது. குதிப்பைத் தணிக்கும், நோவைப் பற்றிய பயத்தை அது தொடாது. எனக்குக் குளிசையைவிட ஆலோசனையே நீண்ட நாள் நின்றது. ஆனால் தூங்கவே முடியாத கட்டத்தில் இருப்பவர் முதலில் குளிசையோடு தொடங்கினால் குறை சொல்லமாட்டேன். தமிழில் பேசக்கூடிய ஆலோசகர் கிடைப்பதுதான் கடினம். குடும்ப வைத்தியரைக் கேட்டால் ஆளைச் சொல்வார். யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் என்ற இரவுகளுக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இருக்கிறது.

கடைசித் தெரிவு, ஒன்றும் செய்யாமல் விடுவது. மேலே சொன்னவை முடிந்த பிறகு இது முழுக்க நியாயமான தெரிவு. நடப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள். பயந்து படியேறுவதை விட்டவர்களுக்கு உடல் தளர்ந்து, சின்ன வேலைக்கே துடிப்பு ஏறி, பயம் இன்னும் கூடுகிறது. வெள்ளவத்தைக் கடற்கரையிலோ சுதந்திரச் சதுக்கத்திலோ பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகம் போதும். பழைய ரிப்போர்ட்களை ஒதுக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டிய நிலைமைகள் சில உண்டு: உடற்பயிற்சியின் நடுவில் படபடப்போ மயக்கமோ வருவது, முன்பு ஊசியாகக் குத்திய நோ இப்போது நடந்தால் அமுக்குவது, குடும்பத்தில் நாற்பதுக்குக் கீழே ஒருவர் திடீரென இறந்த செய்தி வருவது. அப்போது அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் அந்தக் கிழமையே போய்விட வேண்டும்.